நீலகிரி மலை ரயில் எக்ஸ் எஞ்சின்: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கோவையிலிருந்து:
நிறைய பேர் முன்பெட்டிக்குத்தான் அடிச்சுப் பிடிக்கிறாங்க. காட்சி நல்லா இருக்கும், மறுக்கல. ஆனா மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது எக்ஸ் வகை நீராவி எஞ்சின் பின்னாடி நின்னு தள்ளுது. அதனால என் ஓட்டு கடைசிப் பெட்டிக்கு, ஜன்னலோரம்.

கல்லாறு வரைக்கும் பாக்குத்தோப்பு நடுவுல சாதாரணமா ஓடும். அதைத் தாண்டினதும் பல்தண்டவாளம், அதாவது நடுவுல பல் வச்ச தண்டவாளம்; எஞ்சினோட பல்சக்கரம் அதுல மாட்டித்தான் ஏறும். 12 அடிக்கு 1 அடி ஏற்றம். வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். அங்கே வளைவுல தலையை லேசா நீட்டி எஞ்சினோட பக்கவாட்டைப் பாருங்க. கீழ் சிலிண்டர் ரெண்டும் சக்கரத்தை ஓட்டுது. அதுல வேலை முடிஞ்ச நீராவி அப்படியே மேல் சிலிண்டர் ரெண்டுக்கும் போய், பல்சக்கரத்தைச் சுத்துது. மேல் தண்டு கீழ்த் தண்டை விட வேகமா ஆடும். ஒரே எஞ்சினுக்குள்ள ரெண்டு தாளம்! அதைப் பார்த்த பிறகு எனக்கு வேற எந்த எஞ்சினும் பெருசாத் தெரியல.

ஹில்குரோவ் ஸ்டேஷன்ல தண்ணி பிடிக்க நிக்கும்போது இறங்கிப் பக்கத்துல போனேன். சூடான எண்ணெய் வாசம், சிலிண்டருக்கு அடியில சொட்டுச் சொட்டா வெந்நீர். ஒருத்தர் நீளமூக்கு எண்ணெய்க்கேனோட ஒவ்வொரு மூட்டாத் தொட்டுத் தொட்டு விட்டுட்டே வந்தார். பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் உண்டு. டிரைவர் பின்னாடி இருக்கிறதால முன்னாடி பாதை தெரியாது. இவங்க கொடி காட்டித்தான் வண்டி நகருது. குன்னூர் வந்து இறங்கினா அவங்களுக்கு ஒரு நன்றி சொல்லிட்டுப் போங்க.

திருச்சியிலிருந்து:
அண்ணா, அருமையாச் சொன்னீங்க. எங்க ஊர்ப் பங்கையும் சேர்த்துக்கோங்க. பழைய எக்ஸ் எஞ்சின் 17-உம் சுவிட்சர்லாந்துல விண்டர்தூர்ல செஞ்சது. 1914 முதல் 1925 வரை 12, அப்புறம் 1952-ல 5. பல வருஷம் அதை வச்சேதான் ஓட்டினாங்க. பிறகு எங்க திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையிலேயே புதுசாக் கட்ட ஆரம்பிச்சாங்க, முதல்ல எண்ணெய்ல ஓடுறது, 2021-ல நிலக்கரி எஞ்சின். பாய்லர், பல்சக்கரம் எல்லாம் இந்தக் காலத்துல கையில எடுத்துச் செய்யுற ஆளுங்க நம்ம ஊர்ல இருக்காங்கன்னு நினைச்சாலே எனக்குப் பெருமை.

ஒரு விஷயம்: வடகிழக்குப் பருவமழையில மண்சரிவு வந்தா வண்டியை நிறுத்திடுவாங்க. அதனால குழந்தைகளைக் கூட்டிட்டுப் போறவங்க ஜனவரிக்கு மேல டிக்கெட் போடுங்க.