டொரொண்டோவில் கரண்ட் பில், தண்ணீர் பில்: யாரிடம் கேட்பது?

ஸ்கார்பரோ பக்கம் புதிதாகக் குடிவந்த மூன்று பேர் ஒரே வாரத்தில் இதையே கேட்டுவிட்டார்கள், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். ஹைட்ரோ பில் எகிறிவிட்டது, எங்கே போய் முறையிடுவது?

முதலில், இங்கே 'ஹைட்ரோ' என்றால் தண்ணீர் இல்லை, கரண்ட். நயாகரா நீர்மின்சாரக் காலத்துப் பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. வாடகை விளம்பரத்தில் 'ஹைட்ரோ தனி' என்று பார்த்து, தண்ணீருக்குப் போய்த் தனிக்காசா என்று நான் வாய்பிளந்ததும் உண்டு.

டொரொண்டோ ஹைட்ரோ மாநகராட்சிக்குச் சொந்தமானதுதான். அதற்காகக் கவுன்சிலரைப் பிடித்தால் கட்டணம் குறையும் என்று நினைக்காதீர்கள். கட்டணம் ஒன்டாரியோ எனர்ஜி போர்டு கையில், அது மாகாண அமைப்பு, நம்மூர் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மாதிரி. புது விலை ஒவ்வொரு நவம்பர் 1 அன்றும் வரும். பில்லில் தகராறு என்றால் முதலில் நிறுவனம், அங்கே தீரவில்லை என்றால் போர்டு. தண்ணீர்க் கட்டணம் நேர்மாறு, அதை முடிவு செய்வது மாநகர சபையேதான், பட்ஜெட் நேரத்தில் நீங்களே போய்ப் பேசலாம், கவுன்சிலரை நச்சரிக்கவும் செய்யலாம்.

கரண்டில் முதல் 100 யூனிட் இலவசம் என்ற பேச்சே கிடையாது. எந்த மணிக்கு எவ்வளவு ஓடியது என்று மீட்டர் பதிகிறது. நேரத்துக்கு ஒரு விலை என்ற திட்டத்தில் இருந்தால், வார நாட்களில் இரவு 7 முதல் காலை 7 வரையும் சனி, ஞாயிறு முழுக்கவும் மலிவு. துணி உலர்த்துவது, கிரைண்டர் எல்லாம் அப்போதுதான். பகலெல்லாம் வீட்டில் ஆள் இருந்தால் இன்னொரு திட்டத்தைக் கணக்குப் பாருங்கள், கோடையில் மாதம் 600 யூனிட் வரை, குளிர்காலத்தில் 1000 வரை ஒரு விலை, அதற்கு மேல் கூடுதல் விலை, நேரம் பார்க்க வேண்டியதில்லை. மின்சார வண்டி வைத்திருப்பவர்களுக்கு, இரவு 11 முதல் காலை 7 வரை அடிமாட்டு விலைக்குத் தரும் மூன்றாவது ஒன்றும் 2023 முதல் இருக்கிறது, ஆனால் மாலை 4 முதல் 9 வரை அதில் விலை கடுமை, நாம் சமைப்பதே அப்போதுதானே! 'டெலிவரி' என்று ஒரு வரி வரும், அதில் பெரும்பகுதி நிலையான தொகை, விளக்கையே போடாவிட்டாலும் வரும்.

அப்புறம் பேஸ்மென்ட், அதாவது ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருப்பது. நான் அப்படி இருந்த முதல் வீட்டில், வீடு மொத்தத்துக்கும் ஒரே மீட்டர், பில்லில் 40 சதவீதம் என் பங்கு என்று வாய்ப்பேச்சு. ஜனவரியில் வந்த பில்லைப் பார்த்துத் தலை சுற்றியது. காரணம் தேடிப் போனால் வீட்டுக்காரர் கராஜில் இரவு பகலாக ஒரு எலக்ட்ரிக் ஹீட்டர். கேட்டதற்கு "40 சதவீதம்னுதானே பேசினோம் தம்பி?" என்றார். எழுத்தில் ஒன்றும் இல்லை, கட்டிவிட்டு வந்தேன். ஒன்டாரியோவின் பொதுவான வாடகை ஒப்பந்தப் படிவத்தில் யார் எதைக் கட்டுவது என்று எழுதவே இடம் இருக்கிறது, அதை வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். அப்பார்ட்மென்டில் கரண்ட் வாடகைக்குள் அடக்கம் என்று குடியிருக்கும்போது தனி மீட்டர் மாட்டி இனி நீங்களே கட்டுங்கள் என்றால், உங்கள் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும், வாடகையையும் குறைக்க வேண்டும். சும்மா தலையாட்டிவிடாதீர்கள்.

வீட்டு வாசலில் வந்து கரண்ட் ஒப்பந்தம் விற்பது 2017 முதல் தடை. "பில்லைக் காட்டுங்க, சலுகை இருக்கா பார்க்கிறேன்" என்று யார் வந்தாலும் கதவைச் சாத்திவிடுங்கள். கட்டமுடியாத நிலை வந்தாலும் பயம் வேண்டாம், நவம்பர் 15 முதல் ஏப்ரல் 30 வரை வீட்டு இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. வருமானம் குறைவானவர்களுக்கு மாதாமாதம் பில்லிலேயே கழியும் உதவித்திட்டமும் உண்டு, விண்ணப்பித்தால்தான் கிடைக்கும்.

சொந்த வீடு வாங்கியவர்களுக்கு: தண்ணீர் பில் குப்பைக் கட்டணத்தோடு சேர்ந்து நான்கு மாதத்துக்கு ஒருமுறை வரும், கட்டாமல் விட்டால் சொத்துவரியில் ஏறிக்கொள்ளும். திடீரென்று கூடினால் மாநகராட்சியைத் திட்டுவதற்கு முன் கழிப்பறைத் தொட்டியில் கொஞ்சம் கேசரிப் பவுடர் போட்டு, ஃப்ளஷ் பண்ணாமல் அரைமணி நேரம் விடுங்கள். கீழே ஆரஞ்சு நிறம் இறங்கினால் ஒழுகல் உங்கள் வீட்டில்தான். இறங்கவில்லையா, அப்போது மாநகராட்சியின் உதவி எண்ணான 311-க்குப் போன் போடுங்கள்.