வீட்டில் மான் வெட்டிய அனுபவங்கள்: நான் கழுவிக் கெடுத்த முதுகுக்கறி

செம்பவாங் அத்தை:

நியூசிலாந்தின் தென்கோடியில் இருக்கும் என் அண்ணன் மகன் சுட்டுக் கொண்டுவந்த செம்மானை அவனுடைய கார் கொட்டகையில் வைத்து வெட்டினோம். அந்த நாட்டுக் காடுகளில் இயற்கையாக மான் கிடையாது, 19ஆம் நூற்றாண்டில் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்டார்கள், இப்போது அது காட்டை மேய்ந்து அழிக்கிறது, அதனால் அனுமதிச் சீட்டு வாங்கியவர் சுட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம், விற்க மட்டும் கூடாது என்பதெல்லாம் இங்குள்ள பலருக்குத் தெரிந்திருக்கும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அவன் தோலை உரித்து, மெல்லிய துணிப்பையில் சுற்றி, அந்த மே மாதக் குளிரில் 4 இரவுகள் தொங்கவிட்டிருந்தான். 5ஆம் நாள் காலையில் முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் நீளமான கறித்துண்டுகள் இரண்டையும் உருவியெடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, கத்தி தீட்டப் போனான். கறியின் மேற்பரப்பு கருஞ்சிவப்பாக உலர்ந்து, விரலால் தடவினால் காகிதத்தைத் தொடுவதுபோல் இருந்தது. சிங்கப்பூரில் தேக்கா சந்தையில் ஆட்டுக்கறி வாங்கி வந்தவுடன் என் கை எதைச் செய்யுமோ அதையே அன்றும் செய்தது. மஞ்சள்தூள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் தெளியும்வரை மூன்று முறை அலசினேன்.

அவன் திரும்பி வந்து பார்த்தான். “அத்தை, கழுவிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டான். பிறகு சமையலறைக் காகிதச் சுருளை எடுத்துவந்து, வெளிறிப்போய்ச் சொதசொதவென்று கிடந்த அந்தக் கறியை ஒரு விரற்கடை விடாமல் ஒற்றி ஒற்றி எடுத்தான். ஒரு சுருள் முழுவதும் தீர்ந்தது. ஒன்றை அன்றே சமைத்துவிட்டோம். மற்றதை ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கென்று நான் நெகிழிப்பையில் போட்டு வாயைக் கட்டிக் குளிர்பெட்டியில் வைத்தேன். ஞாயிறன்று பையைத் திறந்தபோது புளித்த வாடை அடித்தது. கறி விரலில் ஒட்டியது. மூன்று மணி நேரம் மலைச்சரிவில் தோளில் சுமந்து இறக்கிய விலங்கின் ஆகச் சிறந்த பகுதியை அவன் தோட்டத்து ஓரத்தில் குழி தோண்டிப் புதைத்தான். என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. அது இன்னும் மனத்தைப் பிசைகிறது.

பிடோக் மருமகள்:

அத்தை, தண்ணீர்மேல் முழுப்பழியையும் போடாதீர்கள். ஈரக்கறியை நெகிழிப்பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டியதுதான் அதைக் கெடுத்தது. நம் அம்மாமார்கள் காலங்காலமாகக் கறியைக் கழுவித்தான் சமைத்தார்கள். கழுவிய கறி நேரே அடுப்புக்குப் போனதால் அதற்குக் கெட நேரமே கிடைக்கவில்லை.

என் மனத்தை உறுத்துவது வேறு. என் மாமனார் சிறு வயதில் ஜொகூர் பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர். அந்தக் காலத்தில் வீட்டில் சமைத்த சருகுமான் கறியைப் பற்றி அடிக்கடி சொல்வார். அவருடைய 78ஆம் பிறந்தநாளுக்கு, பண்ணையில் வளர்த்த நியூசிலாந்து மானின் பின்னந்தொடை முழுவதாக உறைந்த நிலையில் கிடைத்ததென்று வாங்கிவந்து, எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறைத் தரையில் செய்தித்தாள் விரித்து வெட்ட உட்கார்ந்தேன். ஆட்டுத்தொடையை வெட்டுவதுபோலவே எலும்போடு குறுக்கே வெட்டினேன். அந்தத் தொடை தசை தசையாகப் பிரியும் என்றும், ஒவ்வொரு தசைக்கும் நடுவே உள்ள மெல்லிய சவ்வில் கத்திமுனையை ஓட்டினால் விரலாலேயே பிரித்துவிடலாம் என்றும் எனக்கு அப்போது தெரியாது.

எல்லாத் துண்டுகளையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு 6 விசில் விட்டேன். கால் நல்லிப் பகுதி மட்டும் பசைபோல் வெந்து அருமையாக இருந்தது. கொழுப்பே இல்லாத தொடைத்தசை தேங்காய் நார்போல் ஆகிவிட்டது. மாமனார் மென்று பார்த்து, முடியாமல், கைக்குட்டையால் வாயை மறைத்து ஒரு துண்டை எடுத்துத் தட்டோரத்தில் வைத்துவிட்டு, “ருசியா இருக்கும்மா, எனக்குத்தான் பல் செட்டு சரியில்லை” என்றார். அடுத்த ஆண்டு அவர் இல்லை. தொடைத்தசையை இழைக்குக் குறுக்கே மெல்லியதாக அரிந்து, கடும் சூட்டில் மிளகோடு இரண்டே நிமிடம் புரட்டினால் போதும் என்று பிறகுதான் கற்றேன். உணவங்காடியில் இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு மான்கறி வதக்குகிற சீனக் கடைக்காரர் செய்வதும் அதுதான். கண் முன்னால் இருந்ததை நான் பார்க்கவில்லை.

விஸ்கான்சின் பழைய மாணவன்:

பிடோக் அக்கா சொல்வதை நான் ஏற்கவில்லை. உடனே சமைத்தாலும், குழாய்க்கு அடியில் கறியைப் பிடித்தால் தெறிக்கும் நீரில் கிருமி தொட்டி, மேடை, பக்கத்தில் கிடக்கும் கொத்தமல்லி வரை பரவுகிறது. கறியைக் கழுவுவதால் அது சுத்தமாவதில்லை, வேகவைப்பதால்தான் சுத்தமாகிறது. மயிரோ அழுக்கோ ஒட்டியிருந்தால் அந்த இடத்தைச் சீவி எறிய வேண்டும்.

என் கதை 1999 நவம்பரில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நான் படித்தபோது நடந்தது. அங்கே துப்பாக்கி வேட்டைக்கு ஒன்பது நாள் பருவம் உண்டு; நான் தங்கியிருந்த வீட்டு முதியவர் முதல் நாளே ஒரு வெண்வால் மானை வீழ்த்தினார். வயிற்றைத் திறந்து உள்ளுறுப்புகளை எடுத்தபின், ஈரலைச் சுத்தம் செய்யும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார். சிறுவயதில் பொங்கோலில் என் அப்பா கோழி அறுக்கும்போதும், ஊருக்குப் போனால் ஆடு அறுக்கும்போதும் “பித்தப்பை உடைஞ்சா கறி முழுக்கக் கசக்கும்” என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவார். ஆகவே நான் முதலில் தேடியது அந்தப் பச்சைப் பையைத்தான். விளக்கடியில் ஈரலைப் புரட்டினேன், மடல்களை விரித்தேன், மறுபடியும் புரட்டினேன்; காணவில்லை. வெட்டும்போது எங்கோ உடைந்து, பித்தம் கறியெல்லாம் பரவிவிட்டது என்று முடிவு கட்டினேன். கேட்கக் கூச்சப்பட்டு, ஆவி பறந்துகொண்டிருந்த அந்த ஈரலை யாருக்கும் தெரியாமல் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டேன்.

அன்று மாலை அவர் வாணலியில் வெங்காயம் வதக்கிக்கொண்டே, “ஈரல் எங்கே?” என்று கேட்டார். ஆண்டுதோறும் முதல் நாள் இரவு அவரும் மனைவியும் சாப்பிடுவது அதுதானாம். மனைவி இறந்தபிறகு வந்த முதல் பருவம் அது. மான் குடும்பத்து விலங்குகளுக்குப் பித்தப்பையே கிடையாது என்பதை அவர்தான் எனக்குச் சொன்னார், சத்தமே உயர்த்தாமல். 2002இல் மான்களின் மூளையை அழிக்கும் நலிவு நோய் அந்த மாநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது பலர் மாதிரி கொடுத்து, ஆய்வு முடிவு வரும்வரை கறியைத் தொடுவதில்லை. அந்த ஈரலை அன்றிரவே சாப்பிட்டிருக்கக்கூடிய காலம் அது.

தோ பாயோ சமையலறை:

எனக்குச் சொல்ல இருப்பது சிறு அனுபவம்தான்: டிசம்பர் மழையில் உப்புக்கண்டம் போட்டு, துணி காயப்போடும் கம்பியில் மூன்று நாள் தொங்கவிட்டு, பூசணம் பூத்து அத்தனையும் வீணானது. ஆனால் மேலே எழுதியிருக்கும் மூவரும் அடிப்படையை விட்டுவிட்டதால் சிலவற்றைச் சொல்லியே ஆகவேண்டும்.

நம் ஊர்ச் சூட்டில் கறியை வெளியே தொங்கவிடுவது என்ற பேச்சே கூடாது. குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், தட்டின்மேல் கம்பிவலை வைத்து, மூடாமல், 4 டிகிரிக்குக் கீழே மூன்று நாள் வையுங்கள். செம்பவாங் அக்காவின் மருமகன் துணிப்பையில் உண்டாக்கிய அந்த உலர்ந்த மேற்பரப்பு அதிலேயே வந்துவிடும். மான் கொழுப்பை ஆட்டுக் கொழுப்பென்று நினைத்துச் சேர்க்காதீர்கள். அது ஆறியவுடன் மெழுகாக உறைந்து மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும். முழுவதையும் சீவி எறிந்துவிட்டு, கொத்துக்கறிக்கு ஆட்டுக் கொழுப்பைச் சேருங்கள். அரைக்கும் முன் கறியைப் பாதி உறையவைத்தால் இயந்திரத்தில் நசுங்காமல் வெட்டுப்படும். கொத்துக்கறி உள்ளே 71 டிகிரி வரை வேக வேண்டும். மேலே பளபளக்கும் வெள்ளைச் சவ்வு எவ்வளவு வேகவைத்தாலும் குழையாது; ஒரு நுனியைக் கிளப்பி, இடக்கையால் இழுத்துப் பிடித்து, கத்தியைச் சவ்வின் பக்கமே சாய்த்து ஓட்டுங்கள். முன்னங்காலுக்கு அரிவாளே தேவையில்லை, அது எலும்புமூட்டால் உடலோடு இணைந்திருக்கவில்லை, வெறும் தசைதான். சுட்ட மானாக இருந்தால் குண்டு பாய்ந்த இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள், ஈயத்துகள் கண்ணுக்குத் தெரியாமல் சிதறியிருக்கும்.

இன்னொன்று. உறவினர் சுட்ட கறியைப் பெட்டியில் வைத்துச் சாங்கி விமான நிலையம் வழியாகக் கொண்டுவர நினைக்காதீர்கள். சிங்கப்பூர் உணவு அமைப்பு ஏற்றுக்கொண்ட இடங்களிலிருந்து வரும் இறைச்சிக்குத்தான் அனுமதி. மண்டாய் பக்கம் திரியும் கடமான்களை யாரும் தொடக்கூடாது என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை என்று நம்புகிறேன்.

செம்பவாங் அத்தை:

தோ பாயோ தம்பி, அவன் மருமகன் இல்லை, அண்ணன் மகன். நான் அறிவுரை கேட்டு எழுதவில்லை. இருந்தாலும் கம்பிவலை யோசனையைக் குறித்துக்கொண்டேன்.

பிடோக் மருமகள் சொன்ன நெகிழிப்பை விஷயம் சரியாகத்தான் இருக்கும். அண்ணன் மகனிடம் நேற்று தொலைபேசியில் இதைக் கேட்டேன். “ரெண்டும்தான் அத்தை” என்றான். அடுத்த மே மாதம் வரச் சொல்லியிருக்கிறான். இந்த முறை முதுகுக்கறியை நானே உருவவேண்டுமாம், குழாய்ப் பக்கம் அவன் நின்றுகொள்வானாம்.