இண்டக்‌ஷன் அடுப்பு பாதியில நிக்குது, பிளக்கும் சுடுது. யாராவது வழி சொல்லுங்க

ஆயர் ஈத்தாம் பிளாட் வாசி:
வணக்கம். கேஸ் தோம்பு மாத்துறது அம்மாவுக்குச் சிரமம்னு 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினோம். ரசம், குழம்புக்குப் பிரச்சினை இல்ல. வடை சுடும்போது நல்லா சூடேறினதும் 'பீப்'னு கத்திட்டு நின்னுடுது. கொஞ்ச நேரம் விட்டா மறுபடி வேலை செய்யுது. நேத்து பிளக்கைக் கழட்டினா கையில பிடிக்க முடியாத சூடு. ஒரு முள்ளோட அடியில பழுப்பாயிருக்கு, லேசா பிளாஸ்டிக் வாடை. ரைஸ் குக்கரும் இதுவும் ஒரே எக்ஸ்டென்ஷன்லதான் இருக்கு. அடுப்பு கெட்டுப்போச்சா?

செபராங் ஜெயா வயர்மேன்:
தங்கச்சி, அடுப்பு நிக்கிறது அப்புறம். இன்னைக்கே அந்த எக்ஸ்டென்ஷனை ஒதுக்கிடுங்க, அதுல இனி எதையும் மாட்டாதீங்க.

2000 வாட் அடுப்பு 230 வோல்ட்ல கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். கூடவே ரைஸ் குக்கர். மெல்லிய வயரும் தளர்ந்த சாக்கெட்டும் அதைத் தாங்காது. 'பியூஸ் போகலையே'ன்னு சிலர் சும்மா இருந்துடுவாங்க. பியூஸ் கரண்ட் கூடினாத்தான் போகும். முள் சரியா கவ்வாத இடத்துல கரண்ட் கூடாது, சூடு மட்டும் ஏறிக்கிட்டே இருக்கும். பழுப்பு நிறம் அதோட அடையாளம்தான். தீ பிடிக்கிறதும் இப்படித்தான்.

அடுப்பைச் சுவத்துல இருக்கிற 13 ஆம்பியர் சாக்கெட்ல நேரடியா, தனியா மாட்டணும். பழுப்பான பிளக்கை மாத்தாம அங்கேயும் மாட்டாதீங்க, நல்ல சாக்கெட்டையும் கருக்கிடும். சுவர் சாக்கெட்டும் சுட்டா சுருஹான்ஜாயா தெனாகாவுல (மலேசிய எரிசக்தி ஆணையம்) பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்க. புது பிளக் வாங்கும்போது சிரிம் தரச்சான்று முத்திரை இருக்கான்னு பாருங்க.

குளுகோர் அக்கா:
தம்பி சொன்னதை முதல்ல செய்ங்கம்மா. பாதியில நிக்கிறதுக்கு நான் ஒண்ணு கேக்குறேன்: அடுப்பை எது மேல வச்சிருக்கீங்க?

ஆயர் ஈத்தாம் பிளாட் வாசி:
பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு மேல, அக்கா. பின்பக்கம் சுவரை ஒட்டி இருக்கு.

குளுகோர் அக்கா:
அதான் காரணமா இருக்கும். உள்ள இருக்கிற கம்பிச்சுருளும் சர்க்கியூட்டும் சூடாகும், அடியில இருக்கிற காத்தாடிதான் அதை ஆத்தணும். காத்தாடி இழுக்கிற இழுப்புல விரிப்பு மேல ஒட்டிக் காத்துவழியை அடைச்சா, அடுப்பு தன்னைக் காப்பாத்திக்க நின்னுடும். விரிப்பை எடுங்க, சுவத்துலேர்ந்து ஒரு சாண் தள்ளி வைங்க. பிளக்கைக் கழட்டிட்டுத் திருப்பிப் போட்டு, காத்துவழியில எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் இருந்தா காஞ்ச பிரஷ்ஷால தட்டி எடுங்க. நம்ம ஊர் கரப்பான் கதகதப்புக்கு உள்ள போயிடும், ராத்திரி மேடையைத் துடைச்சு வைங்க. சமைச்சதும் பட்டுனு சுவர் சுவிட்சை அணைக்காதீங்க, முதல்ல காத்தாடி தானா நிக்கட்டும்.

வடைக்கு எந்த குவாலி (வாணலி)? அடி வளைஞ்சிருந்தா கண்ணாடிக்குக் கீழ இருக்கிற சென்சார் எண்ணெயோட சூட்டைச் சரியா அளக்காது. தட்டையடி இரும்புச் சட்டி வைங்க, எண்ணெய் காயுறப்போ அடுப்பை விட்டு நகராதீங்க.

ஆயர் ஈத்தாம் பிளாட் வாசி:
ரொம்ப நன்றிக்கா. அம்மாவோட அலுமினியக் குக்கரை வச்சா சூடே ஏறல. கண்ணாடியில வெல்லப்பாகு காஞ்சு ஒட்டியிருக்கு. முக்கியமா, அம்மாவுக்கு இதயத்துடிப்பைச் சீராக்குற பேஸ்மேக்கர் வச்சிருக்கு. அவங்க சமைக்கலாமா?

குளுகோர் அக்கா:
காந்தம் அடியில கெட்டியா ஒட்டுற பாத்திரம்தான் சூடேறும். அலுமினியம், செம்பு, மண்சட்டி ஆகாது. பாகுக்கு வெதுவெதுப்பான ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் போட்டு ஊறவச்சுத் துடைங்க. கம்பி நார் வேண்டாம், கீறிடும். தோசைக்கல்லையும் இழுக்காம தூக்கி வைங்க. கண்ணாடியில விரிசல் விட்டா அதோட நிறுத்திடணும், பொங்கினது உள்ள இறங்கினா ஷாக் அடிக்கும்.

அம்மா விஷயத்துல பேஸ்மேக்கர் கிளினிக்ல கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. பொதுவா, எரியுற அடுப்புக்கும் பேஸ்மேக்கருக்கும் 60 செண்டிமீட்டராவது இடைவெளி வேணும்னு சொல்வாங்க. கரண்டி போட்டுக் கிண்டுறப்போ அவ்வளவு தள்ளி நிக்க முடியுமா? கிளினிக்ல கேக்குற வரைக்கும் அடுப்புப் பக்கம் நீங்களே நில்லுங்கம்மா.

ஆயர் ஈத்தாம் பிளாட் வாசி:
சரிக்கா. எக்ஸ்டென்ஷனைக் கழட்டியாச்சு. நாளைக்கே கிளினிக்குக்குப் போன் போடுறேன். பிளக் மாத்துற வரைக்கும் அடுப்பைத் தொடல.