சுயநிதிக் கல்லூரியில் எம்.பி.ஓ, ஸ்கோர்கார்டு: எங்கே தொடங்குவது?

கேட்டவர்: குழித்துறைக்காரன்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு சுயநிதி கலை அறிவியல் கல்லூரி. பிள்ளைகளில் கால்வாசி கேரள எல்லைக்குள் பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்திலிருந்து வருகிறவர்கள். இந்த ஆண்டு எம்.பி.ஓ (இலக்கு வைத்து நிர்வகிப்பது), பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு (பணத்தோடு மற்ற கோணங்களையும் எண்ணில் காட்டும் மதிப்பீட்டுத் தாள்) இரண்டையும் கொண்டுவர வேண்டும் என்கிறது நிர்வாகம். துறைவாரியாகத் தேர்ச்சி சதவீதம், அட்மிஷன் எண்ணிக்கை என்று இலக்கு வைத்து இன்கிரிமென்ட்டோடு சேர்க்கப் போகிறார்களாம். ஆனால் ஆபீஸில் ஒரு போனபைடு (இங்கே படிக்கிறார் என்ற சான்று) வாங்கவே நாலைந்து நாள் ஆகிறது. எதை முதலில் எடுப்பது?

பதில்: டெஸ்பாட்ச்_செக்‌ஷன்

போனபைடைத்தான். பிள்ளையும் பெற்றோரும் கண்ணால் பார்க்கிற நிர்வாகம் அந்த ஜன்னல்தான்.

விண்ணப்பத்தின் மூலையிலேயே நாலு நேரம் குறியுங்கள்: ஜன்னலில் வாங்கியது, கிளார்க் டைப் அடித்தது, முதல்வர் மேஜைக்குப் போனது, கையெழுத்தாகி வந்தது. இரண்டு வாரம் போதும். பெரும்பாலும் டைப் அடிக்கப் பத்து நிமிஷம், கையெழுத்துக்குக் காத்திருப்பது இரண்டு நாள் என்றுதான் வரும். நிர்வாகவியல் எழுத்தாளர் கோல்ட்ராட் 'தடை' என்று, மொத்த வேலையையும் தாமதப்படுத்தும் ஒரே இடமாகச் சொன்னது இதைத்தான். இங்கே கைவைக்காமல் இன்னொரு கிளார்க்கைப் போட்டால் முதல்வர் மேஜையில் கட்டு உயரும், அவ்வளவுதான்.

லிட்டில் விதிப்படி (தேங்கியதை ஒரு நாளில் முடிவதால் வகுத்தால் காத்திருப்பு) கணக்கு எளிது. தினம் 40 முடிகிறது, 200 தேங்கிக் கிடக்கிறது என்றால் இன்று கொடுப்பவர் 5 நாள் காத்திருக்க வேண்டும். ஓணத்துக்கு முந்தின வாரம் ரயில் கன்செஷன் கூட்டமும் சேரும்.

போனபைடு, பஸ் பாஸ், கன்செஷன் மூன்றுக்கும் துணை முதல்வருக்கு எழுத்திலேயே அதிகாரம் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் முதல் சிக்கலிலேயே அவர் பேனாவை மூடிவிடுவார். டிசி, கான்டக்ட் சர்டிபிகேட் இரண்டும் முதல்வரிடமே இருக்கட்டும், காலை 11.30, மாலை 3.30 என்று கையெழுத்து நேரம் வைத்தால் போதும்.

அடுத்தது நோ டியூஸ், அதாவது பாக்கி இல்லை என்ற சான்று. லைப்ரரி, லேப், ஹாஸ்டல், பஸ் என்று பிள்ளை ஒவ்வொரு இடமாகக் கையெழுத்துக்கு அலைகிறது. லேப் அசிஸ்டென்ட் லீவு என்றால் அன்றைக்கு வந்தது வீண். இதைத் தலைகீழாக்குங்கள். பாக்கி உள்ளவர் பட்டியலை ஒவ்வொரு பிரிவும் தேர்வுக்கு 10 நாள் முன்பே ஆபீஸுக்குக் கொடுக்கட்டும். பட்டியலில் பெயர் இல்லையென்றால் பாக்கி இல்லை. பட்டியல் தர மறந்த பிரிவு தன் பாக்கியைத் தானே வசூலித்துக்கொள்ளட்டும். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் எந்தப் பிரிவும் பட்டியல் தராது.

பதில்: விளவங்கோடு_காமர்ஸ்

இன்கிரிமென்ட் பேச்சை முதலில் நிறுத்தச் சொல்லுங்க சாரே. நிர்வாகவியல் அறிஞர் டிரக்கர் 1954இல் எம்.பி.ஓவை எழுதியபோதே சுயகட்டுப்பாட்டையும் சேர்த்துத்தான் சொன்னார். இலக்கை எழுதுவதும், எட்டினோமா என்று பார்ப்பதும் அந்த ஆசிரியர் கையில் இருக்க வேண்டும். மேலிருந்து எண்ணை இறக்கினால் அது வெறும் கோட்டா. அதை ஒழிக்கச் சொல்லி, தரக் கட்டுப்பாட்டு அறிஞர் டெமிங்கின் 14 அம்சங்களில் தனியாகவே ஓர் அம்சம் உண்டு.

தேர்ச்சிக்கு எண் வைத்தால் இன்டர்னல்தான் (கல்லூரியே போடும் மதிப்பெண்) வீங்கும். ஒரு பாடத்தில் இன்டர்னல் சராசரி 25க்கு 22, எக்ஸ்டர்னல் (பல்கலைக்கழகத் தேர்வு) சராசரி 75க்கு 30 என்று வந்தால் ஒன்று 88 சதவீதம், மற்றது 40. அந்த 48 புள்ளி இடைவெளியை செமஸ்டருக்கு செமஸ்டர் பாருங்கள். தேர்ச்சி சதவீதத்தைவிட அது உண்மை பேசும். துறைக்கு மூன்று இலக்குக்கு மேல் வேண்டாம்.

அட்மிஷன் இலக்கு இன்னும் மோசம். எண்ணிக்கைக்காக வீடு வீடாகப் போகிறவர் எல்லா உதவித்தொகையும் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு வருவார். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ 6 முதல் 12 வரை படித்த பெண் பிள்ளைகளுக்குத்தான்; பாறசாலையில் படித்த பிள்ளைக்குக் கிடையாது. கேரளச் சாதிச் சான்றும் இங்கே இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. விஷயம் தெரிந்ததும் பிள்ளை டிசி கேட்கும். அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018லேயே அறிவித்துவிட்டது.

ஆகவே வேற்று மாநிலப் பிள்ளைகளுக்கு வேறு நிறத்தில் தனி விண்ணப்பம் அடியுங்கள். எலிஜிபிலிட்டி சர்டிபிகேட் (வெளிமாநிலப் படிப்பு இங்கே சேரத் தகுதி என்ற சான்று), டிசி, 'இந்த உதவித்தொகைகள் பொருந்தாது' என்பதற்குப் பெற்றோர் கையெழுத்து, மூன்று கட்டமும் நிரம்பினால் மட்டும் ஃபீஸ் சலான் போடட்டும். ஜப்பானியப் பொறியாளர் ஷிங்கோவின் போக்கா-யோக்கே (தவறே நடக்க முடியாதபடி அமைப்பது) இங்கே இதுதான். எலிஜிபிலிட்டியை 'பிறகு பார்க்கலாம்' என்று விட்டால் தேர்வு விண்ணப்ப நேரத்தில்தான் வெடிக்கும்.

பதில்: பழைய_ஏ.ஓ

இரண்டு பேரும் தொடாத ஒன்று. முதல்வர் ஒன்று சொல்ல, கரஸ்பாண்டென்ட் வீட்டு மேனேஜர் இன்னொன்று சொல்கிற ஆபீஸில் எந்த தியரியும் நிற்காது. ஒருவருக்கு ஒரே மேலதிகாரி என்று பிரெஞ்சு நிர்வாகவியல் முன்னோடி ஃபயோல் 1916லேயே சொன்னார். ஃபீஸ் சலுகை யார் கொடுக்கலாம், எவ்வளவு வரை, யார் கையெழுத்தில் என்று ஒரு பக்கத்தில் எழுதி கேஷ் கவுண்டரில் ஒட்டுங்கள். கவுண்டரில் இருப்பவர்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறவர்.

குழித்துறைக்காரன்

நன்றி. ஆனாலும் ஸ்கோர்கார்டு எங்கே என்று கேட்பார்களே?

டெஸ்பாட்ச்_செக்‌ஷன்

கொடுங்கள், ஒரே தாளில். ஸ்கோர்கார்டை வகுத்த கப்லான், நார்ட்டன் வைத்த நாலு கோணத்துக்கும் (நிதி, வாடிக்கையாளர், உள் நடைமுறை, கற்றல்) வரிசையாக இரண்டிரண்டு எண்: நிலுவை ஃபீஸ், மாதச் செலவு, போனபைடு நாள் கணக்கு, இடையில் நின்றவர்கள், இன்டர்னல் இடைவெளி, நடக்காத வகுப்பு மணி, ஆசிரியர் பயிற்சி, வேலையை விட்டுப் போனவர்கள். ஒவ்வொரு ஹெச்ஓடியும் மாதம் 5ஆம் தேதிக்குள் ஐக்யூஏசிக்கு (கல்லூரியின் உள் தரக் குழு) அனுப்பட்டும், ஆதாரத்தை ஸ்கேன் செய்து கூடவே. கல்லூரிகளைத் தரமதிப்பிடும் 'நாக்' (NAAC) அமைப்புக்கு ஏ.க்யூ.ஏ.ஆர் (ஆண்டுத் தர அறிக்கை) அனுப்பும்போது பயிற்சி சான்றிதழ், போட்டோ என்று தேடி ஓட வேண்டாம்.