கம்பத்து வீட்டைப் பார்க்கப் போனவர்கள் சொல்லுங்கள்

செம்பவாங் மகள்

போன மாதம் அப்பாவை லோரோங் புவாங்கோக் கம்பத்துக்குக் கூட்டிப்போனேன். சிங்கப்பூரின் பெரிய தீவில் மிச்சமிருக்கும் கடைசிக் கம்பம், அதாவது பழைய கிராமக் குடியிருப்பு, அதுதான். மூன்று கால்பந்துத் திடல் அளவு இடம், இருபத்தைந்து சொச்சம் வீடுகள். எதிரே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகள். இந்தப் பக்கம் திரும்பினால் மண்பாதை, தகரக்கூரை, வாழைமரம்.

அப்பா 1970களில் கம்பத்தை விட்டு வீவக வீட்டுக்கு மாறியவர். அவர் கூரையைப் பார்க்கவில்லை, வீட்டு எண் பலகையில் அஞ்சல் குறியீட்டைப் பார்த்தார். "இங்க பாரு, இன்னும் நாலு நம்பர்தான்!" 1995-ல் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கமாகிவிட்டது, இங்கே பழைய பலகை அப்படியே தொங்குகிறது. பாரம்பரியம் என்று யாரும் பாதுகாத்து வைத்ததாகத் தெரியவில்லை. கழற்றத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நான் கைப்பேசியும் கையுமாக ஒரு வீட்டில் துணி காயும் கொடிவரை போய்விட்டேன். மலாய் மக்சிக் (வயதான அம்மா) ஒருவர் வாசலுக்கு வந்தார். கோபமெல்லாம் இல்லை. "ரூமா ஓராங், டிக்" என்றார். ஆள் இருக்கும் வீடு, தங்கச்சி! வெட்கமாகப் போய்விட்டது. அப்பாதான் மலாயில் மன்னிப்புக் கேட்டார். அப்புறம் பேச்சு மழைக்குத் தாவியது. வெள்ளம் வந்தால் கைலியைத் தூக்கிக்கொண்டுதான் நடக்கவேண்டும், அதனால் இந்த இடத்துக்கு 'செலாக் காயின்' என்றே ஒரு பெயர் உண்டு. அப்பா கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, தன் கம்பத்தில் தண்ணீர் எதுவரை வரும் என்று காட்ட, மக்சிக் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

நகரத் திட்டத்தில் அங்கே சாலையும் பள்ளிகளும் வரைந்திருக்கிறார்கள். உடனே எதுவும் கட்டப்போவதில்லை என்று 2017-ல் சொன்னார்கள். அதற்கு மேல் அப்பாவிடம் நான் விளக்கவில்லை.

கேலாங்காரன்

எனக்கு கேலாங் சிராயில் இருந்த மலாய்க் கிராமம்தான் ஞாபகம் வருகிறது. கம்பத்து வீடுகள் மாதிரியே புதிதாகக் கட்டி வைத்திருந்தார்கள். மரவேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் ராத்திரி அங்கே தூங்க ஒருத்தரும் இல்லையே. நான் போன அன்று காவலாளி ஒருவர்தான் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். 2011-ல் மூடி, அப்புறம் இடித்தும் விட்டார்கள். பக்கத்துச் சந்தைக்கு வந்த கூட்டத்தில் பாதி உள்ளே போயிருந்தால்கூட நிலைத்திருக்கும்.

புலாவ் உபின் ரசிகை

ஆள் குடியில்லாவிட்டால் பயனே இல்லை என்கிறீர்களா? நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். புலாவ் உபின் தீவில் 363பி என்று ஒரு கம்பத்து வீட்டைச் செப்பனிட்டு, 1970களின் சாமான்களோடு வைத்திருக்கிறார்கள். சாங்கித் துறையில் பம்போட் (சிறு படகு) பன்னிரண்டு பேர் சேரும்வரை கிளம்பாது, அந்த எரிச்சலோடுதான் போனோம். என் மகள் வீட்டைச் சுற்றி வந்துவிட்டு, "கழிப்பறை எங்கம்மா?" என்று கேட்டாள். என் மாமியார் அங்கேயே உட்கார்ந்துகொண்டார். டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு இருட்டில் போனது, வாளி, தவளை, பயத்தில் அக்காவைத் துணைக்கு எழுப்பியது என்று ஒரு மணிநேரம்! பதினாறு வருட மருமகள் நான், இதில் ஒன்றைக்கூட வீட்டில் கேட்டதில்லை.

செம்பவாங் மகள்

சரி, அதுவும் நியாயம்தான். அப்பா மறுபடி புவாங்கோக் போகவேண்டுமாம். மக்சிக்குக் கொடுக்க முறுக்கு சுடச் சொல்லியிருக்கிறார். "கைப்பேசியை வீட்டிலேயே வை" என்றும் உத்தரவு.