கொலம்பஸுக்கு வருகிறீர்கள், கார் ஓட்டத் தெரியாது: வீடு பிடிக்கும் முன் இதைப் படியுங்கள்

ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸுக்கு வேலை கிடைத்து வருகிறவர்களில் பலர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது: "கார் ஓட்டத் தெரியாமல் அங்கே காலம் தள்ள முடியுமா?" முடியும். ஆனால் அது உங்கள் தைரியத்தையோ சம்பளத்தையோ பொறுத்ததில்லை. லீஸில், அதாவது இங்கே வாடகை ஒப்பந்தத்தில், கையெழுத்துப் போடும்போது எந்தத் தெருவின் பெயர் அதில் இருக்கிறது என்பதில்தான் முக்கால்வாசி இருக்கிறது.

வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். வருவதற்கு முன்பே தெரிந்தவர் யாரையாவது கேட்போம். அவர் பத்து வருடமாக டப்ளின், பவல், லூயிஸ் சென்டர் மாதிரி ஒரு புறநகரில் இருப்பார். "இங்கேயே வந்துடுங்க, நம்ம ஆளுங்க நிறைய, ஸ்கூல் நல்லா இருக்கும்" என்பார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அவர் வீட்டில் இரண்டு கார் நிற்கிறது. ஊரைச் சுற்றி வளையமாகப் போகும் 270 நெடுஞ்சாலைக்கு வெளியே போய்விட்டால் பஸ் அரிது. பவலும் லூயிஸ் சென்டரும் டெலவேர் கவுன்டியில் வருகின்றன (கவுன்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி). கொலம்பஸின் பஸ் நிறுவனமான கோட்டா பெரும்பாலும் ஃப்ராங்க்ளின் கவுன்டிக்குள் ஓடுவது. டெலவேர் கவுன்டிக்குத் தனியாக ஒரு வண்டிச் சேவை உண்டு, ஆனால் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு போக வேண்டும். தினசரி ஆபீஸ் போகிறவருக்கு அது கட்டுப்படியாகாது.

ரயிலை எதிர்பார்த்து வராதீர்கள். 1979-க்குப் பிறகு கொலம்பஸுக்குப் பயணிகள் ரயிலே கிடையாது. நகருக்குள் மெட்ரோவும் இல்லை. இருப்பது பஸ், சைக்கிள், ஊபர், நடை, அப்புறம் மனிதர்கள்.

பஸ்ஸில் எந்தப் பாதைகளை நம்பலாம்? ஹை ஸ்ட்ரீட்தான் ஊரின் முதுகெலும்பு. வடக்கிலிருந்து தெற்காக ஓடும் அந்தச் சாலையில் 2-ஆம் நம்பர் அடிக்கடி வரும். பல்கலைக்கழகப் பகுதி, ஷார்ட் நார்த், கிளின்டன்வில் எல்லாம் இதன் மேல் இருக்கின்றன. வடக்கே போகப் போக இடைவெளி கூடும். கிழக்கு மேற்காக பிராட் ஸ்ட்ரீட்டில் 10-ஆம் நம்பர். கிளீவ்லேண்ட் அவென்யூவில் 2018 ஜனவரியில் தொடங்கிய சீமேக்ஸ் என்ற விரைவு பஸ், நிறுத்தங்கள் குறைவாக இருப்பதால் வேகமாகப் போகும், வெஸ்டர்வில் பக்கம் வரை வரும். கென்னி ரோடு, லிவிங்ஸ்டன் அவென்யூ பக்கம் 1-ஆம் நம்பர். என்னைக் கேட்டால், குடும்பத்தோடு வருகிறவர்கள் கென்னி, ஹென்டர்சன், பெத்தல் ரோடுகளை ஒட்டித் தேடுவது நல்லது. வாடகை ஷார்ட் நார்த் அளவுக்குப் போகாது, ஆசியக் கடைகள் பக்கத்தில், நம்மவர்களும் இருக்கிறார்கள். ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வருகிற மாணவர்களுக்குக் கவலையே வேண்டாம். கல்லூரி அடையாள அட்டையைக் காட்டியே கோட்டாவில் ஏறலாம், வளாகத்துக்குள் ஓடும் பஸ்ஸும் இலவசம்.

வீட்டைப் பார்க்கும்போது "பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருக்கிறதா" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அபார்ட்மென்ட் அலுவலகத்தில் இருப்பவர் இருக்கிறது என்றுதான் சொல்வார், அவர் அந்த பஸ்ஸில் ஏறியிருக்கவே மாட்டார். கூகுள் மேப்பைத் திறந்து, வீட்டு முகவரியிலிருந்து ஆபீஸ் முகவரிக்கு, செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று போட்டுப் பாருங்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்குத் திரும்பி வருவது போல ஒரு முறை. இரண்டு பதிலும் ஒன்றாக இருக்காது. அடுத்து ஸ்ட்ரீட் வியூவில் இறங்கி, அபார்ட்மென்ட் வாசலிலிருந்து ஸ்டாப் வரை ஒவ்வொரு அடியாக நகர்ந்து பாருங்கள். நடைபாதை தொடர்ந்து வருகிறதா, பாதியில் புல்வெளியாகி மறைகிறதா? வீடு திரும்பும் பஸ் நிற்கும் ஸ்டாப் சாலையின் எதிர்ப்பக்கம் இருக்கும், ஆறு வரிசை வண்டிகளைத் தாண்டி வர வேண்டும். அங்கே சிக்னல் இருக்கிறதா? இந்த ஊரில் பல குடியிருப்புகளுக்கு ஒரே ஒரு வாசல்தான், அதுவும் வண்டிகள் சீறிப் பாயும் சாலையில் திறக்கும். வரைபடத்தில் கடை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், நடுவே வேலி நிற்கும்.

சாலையைக் கடப்பதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், இது உயிர் விஷயம். நமக்குச் சின்ன வயதிலிருந்து முதலில் வலப்பக்கம் பார்த்துப் பழக்கம். இங்கே வண்டி முதலில் இடப்பக்கத்திலிருந்து வரும். அதைவிட ஆபத்து, சிவப்பு விளக்கிலேயே வலப்பக்கம் திரும்ப இங்கே அனுமதி உண்டு. திரும்பப் போகிற ஓட்டுநர் தன் இடப்பக்கம் வண்டி வருகிறதா என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார், வலப்பக்கத்திலிருந்து நடந்து வரும் உங்களைப் பார்க்கவே மாட்டார். நடக்கும் மனிதனின் விளக்கு எரிந்தாலும், ஓட்டுநரின் கண்ணைப் பார்த்து, அவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் காலை எடுத்து வையுங்கள். பட்டனை அழுத்தாமல் அந்த விளக்கு எரியாத சந்திப்புகளும் உண்டு.

பஸ் கட்டணம் இரண்டு டாலர். செயலியிலோ கோட்டாவின் அட்டையிலோ செலுத்தினால் ஒரு நாளைக்கு 4.50 டாலருக்கு மேலும், ஒரு மாதத்துக்கு 62 டாலருக்கு மேலும் பிடிக்காது, இரண்டு மணி நேரத்துக்குள் வேறு பஸ் மாறிக்கொள்ளலாம். காசாகப் போட்டால் மீதி வராது, இந்தச் சலுகையும் கிடையாது. பஸ்ஸின் முன்னால் சைக்கிள் மாட்டும் கம்பி இருக்கும். வீட்டுக்கும் ஸ்டாப்புக்கும் இடையே ஒரு மைல் இருந்தால் ஒரு பழைய சைக்கிள் அந்தத் தூரத்தைத் தின்றுவிடும். வர்திங்டனிலிருந்து டவுன்டவுன் வரை ஆற்றை ஒட்டியே போகும் ஒலென்டாங்கி பாதையில் கார் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இந்த ஊரில் சைக்கிளில் போவது உண்மையிலேயே சுகம்.

குளிர்காலம் வேறு கதை. குளிரைத் துணியால் சமாளித்துவிடலாம். சிக்கல் சாலையோரத்தில் இருக்கிறது. உப்பு வண்டியும் பனி தள்ளும் வண்டியும் நடுச்சாலையைச் சுத்தம் செய்து, பனியை அப்படியே ஓரத்தில் குவித்துவிட்டுப் போகும். உங்கள் பஸ் ஸ்டாப் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. இடுப்பளவு பனிக்குவியலின் பின்னால் கறுப்புக் கோட்டோடு நின்றால், மாலை ஐந்தரை மணி இருட்டில் ஓட்டுநருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். ஸ்டாப்பை ஒட்டி ஏதாவது கடையின் வண்டி வாசல் சுத்தமாக இருந்தால் அங்கே நின்றுகொண்டு, பஸ் தூரத்தில் வரும்போதே போனின் டார்ச்சை ஆட்டுங்கள். கோட் வாங்கும்போது வெளிர் நிறமாகவோ, ஒளி பட்டால் மின்னும் பட்டை வைத்ததாகவோ வாங்குங்கள். ஷூவின் அடியில் மாட்டும் முள் பட்டை ஒன்று பையிலேயே இருக்கட்டும், கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியில் வழுக்கி மணிக்கட்டு ஒடிந்தவர்கள் இங்கே நிறைய. பெரும் பனி விழும் நாட்களில் கவுன்டியின் காவல் தலைவரான ஷெரீஃப் மூன்று படிகளில் அவசரநிலை அறிவிப்பார். மூன்றாம் படி என்றால் அவசர வேலை தவிர யாருமே சாலைக்கு வரக்கூடாது. அன்று காரில் போகிறவரும் வீட்டில்தான் இருப்பார், நீங்கள் மட்டும் ஆபீஸுக்குச் சங்கடப்பட்டு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நான் மிகவும் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். கார் இல்லாத வாழ்க்கையில் அதிகம் கஷ்டப்படுவது வேலைக்குப் போகிறவர் இல்லை. அவரை யாராவது ஏற்றிக்கொண்டு போவார்கள், ஆபீஸில் நாலு பேரோடு பேசுவார். வீட்டில் இருக்கும் மனைவியோ கணவரோதான், முக்கியமாக, வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் வந்து வேலை செய்ய அனுமதியும் இல்லாமல் இருப்பவர்தான், காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊரில் தானே ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போய், கடை கண்ணி பார்த்து, அம்மா வீட்டுக்குப் போய் வந்த பெண், இங்கே ஒரு கட்டு கொத்தமல்லிக்குச் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டி வருகிறது. அது மனசை எவ்வளவு தின்னும் என்று வெளியே போய் வருகிறவருக்குப் புரிவதில்லை. அதனால் வீடு தேடும்போது ஆபீஸ் தூரத்தை இரண்டாவதாக வையுங்கள். பகலில் வீட்டில் இருப்பவர் தனியாக நடந்து போய்ச் சேரக்கூடிய இடங்களை முதலில் எண்ணுங்கள். ஒரு மளிகைக் கடை, ஒரு பூங்கா, ஒரு நூலகம். இந்த மூன்றும் நடை தூரத்தில் இருந்தால் மற்றதைச் சமாளிக்கலாம்.

நூலகத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொலம்பஸ் மெட்ரோபாலிட்டன் நூலகம் 2017 முதல் தாமதக் கட்டணமே வாங்குவதில்லை. குழந்தைகளுக்குக் கதை நேரம் இருக்கிறது. குளிர்காலத்தில் காசு செலவில்லாமல் கதகதப்பாக உட்கார்ந்து, வேறு தாய்மார்களோடு பேசிப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

குழந்தை இருந்தால் பள்ளிக்கூடத்தை இப்படிப் பாருங்கள். ஒஹையோ சட்டப்படி, எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளை பள்ளியிலிருந்து இரண்டு மைலுக்கு மேல் இருந்தால், அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம் மஞ்சள் பஸ் அனுப்ப வேண்டும். இரண்டு மைலுக்குள் இருந்தால் அனுப்பலாம், அனுப்பாமலும் விடலாம். ஆக, பள்ளிக்கு ஒன்றரை மைலில் வீடு என்று மகிழ்ந்து போய், பிப்ரவரியில் பிள்ளையை நடத்திக் கூட்டிக்கொண்டு போகும் நிலை வரலாம். லீஸுக்கு முன் பள்ளி மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு போன் செய்து முகவரியைச் சொல்லிக் கேளுங்கள். நாலு வயதுக்குக் கீழே, அல்லது 40 பவுண்டுக்குக் கீழே இருக்கும் குழந்தையைக் காரில் ஏற்ற இருக்கை கட்டாயம். ஊபர்க்காரர் அதைக் கொண்டு வரமாட்டார். தூக்கிக்கொண்டு போகக்கூடிய லேசான இருக்கை ஒன்றை வாங்கிவிடுங்கள், நண்பர் கார் என்றாலும் அது தேவை. பிரசவத்துக்கு இருப்பவர்கள் கவனியுங்கள், கைக்குழந்தைக்கான இருக்கை தயாராக இல்லாமல் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பத் தயங்குவார்கள்.

மருத்துவரையும் பஸ் பாதையிலேயே தேர்ந்தெடுங்கள். மயக்க மருந்து கொடுக்கும் சிறு சிகிச்சை என்றால்கூட, கூடவே ஒரு ஆள் வந்து அழைத்துப் போனால்தான் விடுவார்கள், தனியாக ஊபரில் ஏறிப் போக ஒப்பமாட்டார்கள். அந்த ஒரு ஆளை முன்பே பேசி வைத்திருங்கள்.

நண்பர்களிடம் உதவி கேட்பதில் நமக்குக் கூச்சம் அதிகம். ஒவ்வொரு முறையும் "போகும்போது என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா அண்ணா" என்று கேட்பது இரண்டு பக்கத்துக்கும் பாரமாகிவிடும். அதற்குப் பதில் ஒரே குடும்பத்தோடு ஒரு கிழமையை முடிவு செய்துகொள்ளுங்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை காலை சாமில் ரோடு பக்கம் இந்திய மளிகை, அப்படியே பவலில் இருக்கும் பாரதிய இந்துக் கோயில், மதியச் சாப்பாடு உங்கள் வீட்டில், பெட்ரோலுக்கு நீங்கள் கொடுத்துவிடுவது என்று பேசி வைத்தால் உறவும் கெடாது. அரிசி மூட்டை, எண்ணெய் மாதிரி கனமானதை எல்லாம் வீட்டுக்கே வரவழைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸுக்குப் போகும் வழியில் கூட்டுச் சவாரிக்கு ஆள் சேர்த்துத் தரும் கோஹயோ கம்யூட் என்ற சேவையில் பதிந்துகொள்வதும் நல்லது. ஊபருக்குக் கொடுக்கும் பணத்தைப் பார்த்து மனம் பதைக்க வேண்டாம். கடன் வரலாறே இல்லாமல் புதிதாக வந்தவர் கார் கடன் வாங்கினால் வட்டி எங்கே போய் நிற்கும், அதன் மேல் இன்சூரன்ஸ் எவ்வளவு என்று ஒரு முறை விசாரித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

வந்த உடனே மாநில அடையாள அட்டையை, ஓட்டுநர் உரிமம் தரும் பி.எம்.வி. அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள், எங்கே போனாலும் பாஸ்போர்ட்டைச் சுமக்க வேண்டாம். இப்போது ஓட்டும் எண்ணம் இல்லாவிட்டாலும் சாலை விதிப் புத்தகத்தைப் படித்துப் பழகுநர் அனுமதிக்கான தேர்வை எழுதி வைக்கலாம். நாற்பது கேள்வி, முப்பதுக்குச் சரியான பதில் சொன்னால் போதும். வீட்டில் இருப்பவரும் எழுதட்டும், அவர் முதலில் எழுதினால் இன்னும் நல்லது.

நிலைமை மாறவும் செய்கிறது. 2024 நவம்பரில் ஃப்ராங்க்ளின் கவுன்டி மக்கள் பஸ்ஸுக்காக விற்பனை வரியை அரை சதவீதம் கூட்ட வாக்களித்தார்கள். லிங்க்கஸ் என்ற அந்தத் திட்டத்தில் மேற்கு பிராட், கிழக்கு மெயின் தெருக்களிலும், ஒலென்டாங்கி ரிவர் ரோடு வழியாக பெத்தல் ரோடு வரையிலும் விரைவு பஸ் வரப் போகிறது, கூடவே புது நடைபாதைகளும். ஆனால் அதற்குச் சில வருடங்கள் ஆகும். இன்று ஓடும் பஸ்ஸை வைத்தே வீட்டை முடிவு செய்யுங்கள். முடிந்தால் முதல் லீஸை ஆறு ஏழு மாதத்துக்கு மட்டும் போடுங்கள். வாடகை கொஞ்சம் கூடக் கேட்பார்கள், கொடுத்துவிடலாம். அந்த லீஸுக்குள் ஒரு ஜனவரி மாதம் வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.