ஸ்கிரிப்டுக்குத் தமிழில் என்ன? ஏவுநிரல், செயற்பிரதி, சிறுநிரல்

காட்பாடியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் அலுவலகப் பணியாளர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். கொள்முதல் ஆணை மின்னஞ்சலில் வந்ததும் எண்ணையும் அளவையும் பிரித்து விரிதாளில் பதிந்து, கிடங்குக்குச் செய்தி அனுப்பும் தானியங்கி முறைதான் பாடம். கருவியில் இருக்கும் படிகள் போதாத இடத்தில் நாமே நாலு வரி எழுதிச் செருகுகிறோமே, அந்த ஸ்கிரிப்டைத் தமிழில் எப்படிச் சொல்வது? நிரல் என்றால் முழு மென்பொருளையே நினைத்துக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது.

குடியாத்தத்திலிருந்து:
அம்மா, அந்த வரிகளைப் பாருங்கள்: எடு, பிரி, ஒப்பிடு, அனுப்பு. அத்தனையும் ஏவல் வினைமுற்று. விகுதிகூட வேண்டாமல் பகுதி மட்டுமே நிற்கிறது. ஆகவே 'ஏவுநிரல்'. நிரலும் இலக்கணம் தந்த சொத்து. செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறைகளில் ஒன்றான நிரல்நிறைப் பொருள்கோள் நன்னூலுக்கு முன்பே தொல்காப்பியத்தில் உண்டு. பெயர்களை ஒரு வரிசையிலும் பயனிலைகளை இன்னொரு வரிசையிலும் நிறுத்தி, முதலாவதை முதலாவதோடு கூட்டுவோம். விரிதாளில் தலைப்பையும் மதிப்பையும் பொருத்தும் வரி செய்வதும் அதையேதான்.

ஆற்காட்டிலிருந்து:
ஐயா, நிரல்நிறை விளக்கம் அருமை. ஆனால் பில்லி, சூனியம், ஏவல் என்று சேர்த்தே கேட்டு வளர்ந்தவர்கள் வகுப்பில் இருப்பார்கள். நாடகத்துக்கு எழுதுவதும் ஸ்கிரிப்ட்தானே? நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கிறது. கட்டியங்காரனுக்குப் பின் யார் வருவது, என்ன பாடுவது என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. 'செயற்பிரதி' என்று வைக்கலாம்.

குடியாத்தத்திலிருந்து:
பிரதி வடசொல். அதோடு, பிரதி எடுப்பது என்றால் நகல் எடுப்பது. ஏற்க முடியாது.

ஆம்பூரிலிருந்து:
பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த வரிகளை மாற்ற உதவும் எடிட் பொத்தானில் என்ன எழுதுவது என்பதையும் பேசிவிடுவோம். விக்கிப்பீடியாவில் 'தொகு' என்று இருக்கிறது. இங்கே அது வேண்டாம். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளைத் தொகுப்பி என்கிறோம், குழம்பிவிடும். தொல்காப்பியத்தின் மரபியலும் தொகுத்தலை, முதல்நூலைத் தழுவி எழுதும் வழிநூலின் வகையாகத்தான் சொல்கிறது. தோலின் அளவு '1,200' சதுர அடி என்று வருகிறது. எழுத்தாக வருவதை எண்ணாக மாற்றும் ஜாவாஸ்கிரிப்டின் பார்ஸ்ஃபுளோட் காற்புள்ளியோடு நின்று அதை 1 என்று படித்துவிடும். காற்புள்ளியை நீக்க ஒரு வரி சேர்க்கிறோம். அது திருத்தம், 'திருத்து' என்றே இருக்கட்டும். பெயருக்குச் 'சிறுநிரல்' போதும், கேட்டவுடன் புரியும்.

ஆற்காட்டிலிருந்து:
சிறுநிரலுக்கு என் சம்மதம். செயற்பிரதியை விட்டுவிடுகிறேன்.

காட்பாடியிலிருந்து:
தனி மடலில் எழுதியவர்களும் சிறுநிரல் என்றே சொல்கிறார்கள். 'சிறுநிரல்', 'திருத்து' இரண்டையும் கையேட்டில் சேர்த்துவிட்டேன். நாளை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

குடியாத்தத்திலிருந்து:
கொடுங்கள் அம்மா, தடுக்கவில்லை. ஆனால் சிறுமை அளவைத்தான் சொல்கிறது, தொழிலைச் சொல்லவில்லை. உங்கள் மாணவர் ஒருவர் நாளை இருநூறு வரி எழுதினால் அதையும் சிறுநிரல் என்பீர்களா? அடுத்த பதிப்பில் ஏவுநிரலை அடிக்குறிப்பிலாவது சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.